அப்பா பெயரில் ஆர்.சி., மகன் விற்ற புல்லட்

கேள்வி: சேலம் சூரமங்கலத்தில் வசிக்கிறேன். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து வீட்டுக் கொட்டகையில் 20 ஆண்டுகளாகக் கிடந்த 1972ஆம் ஆண்டு புல்லட்டை 60,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஆர்.சி. புத்தகம் அந்த வீட்டுப் பெரியவர் பெயரில் இருக்கிறது; 2004 வரைதான் புதுப்பித்திருக்கிறார்கள். இந்துவான அவர் 2011இல் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். மனைவி ஏற்காட்டிலேயே இருக்கிறார். வண்டியை விற்றது அவர்களுடைய மகன். ‘எனக்குச் சொந்தமான வண்டி’ என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். 40,000 ரூபாயை கூகுள் பேயில் அனுப்பினேன், மீதி ரொக்கம். பிடித்துக் கிடந்த பிஸ்டனை எடுத்து, இன்ஜினைப் பிரித்து, இதுவரை 45,000 ரூபாய் செலவாகிவிட்டது. இப்போது கோவையில் இருக்கும் மகள், “அப்பா வண்டியை யாரைக் கேட்டு விற்றான்? திருட்டுப் புகார் கொடுப்பேன்” என்கிறார். பெரியவரின் கையெழுத்தைப் போட்டுப் பெயர் மாற்றித் தருவதாக ஓர் ஏஜெண்ட் சொல்கிறார். தினமும் வேலைக்கு இந்த வண்டியில் போக ஆசை. என்ன செய்வது?

பதில்: முதல் வேலையாக அந்த ஏஜெண்டிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். 2011இல் இறந்தவர் இன்று, வண்டியை விற்றவர் பெயர் மாற்றத்துக்குக் கொடுக்கும் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட முடியாது. அவருக்காக வேறொருவர் போடுவது பாரதிய நியாய சன்ஹிதா 336ஆம் பிரிவின்படி போலி ஆவணம் தயாரித்தல். அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுப்பது 340ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். இன்று வரை உங்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை. அந்தத் தாள் உள்ளே போன நிமிடத்திலிருந்து இருக்கும். மகளால் இறப்புச் சான்றிதழைக் காட்ட முடியும் என்பதையும் மறக்காதீர்கள்.

திருட்டுப் புகார் என்ற மிரட்டலுக்குக் கலங்க வேண்டாம். ஒருவர் வசமிருக்கும் பொருளை அவர் சம்மதமின்றி, நேர்மையற்ற எண்ணத்துடன் எடுத்தால்தான் அதே சன்ஹிதாவின் 303ஆம் பிரிவின்படி திருட்டு. வண்டி மகன் வசம் இருந்தது, அவரே கொடுத்தார், நீங்கள் பணம் அனுப்பியதற்கு வங்கிக் கணக்கிலேயே தடயம் இருக்கிறது. காவல் நிலையத்தில் அழைத்து விசாரித்தால் வெள்ளைத் தாளையும் பணப் பரிமாற்ற விவரத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால், அந்தப் பெண் கேட்கும் கேள்வி நியாயமானது. இதை நீங்கள் முழு மனதோடு ஒப்புக்கொண்டால்தான் மேற்கொண்டு வழி திறக்கும்.

பெரியவர் உயில் எழுதாமல் இறந்ததால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமபங்கு. 2011இல் அவருடைய தாயாரும் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. வீடு, நிலம் என்றால் மகளுக்குப் பங்கு கேட்கும் குடும்பங்கள்கூட வண்டி, வாட்ச், துப்பாக்கி என்று வந்தால் அது மகனுக்குத்தான் என்று தாமாகவே முடிவு செய்துவிடுகின்றன. சட்டத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. ஆகவே மகன் தன் மூன்றில் ஒரு பங்கைத்தான் நிச்சயமாக விற்றிருக்கிறார்.

1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு வாங்குபவருக்கு ஒரு பாதுகாப்பு தருகிறது. மற்ற கூட்டுச் சொந்தக்காரர்களின் அனுமதியோடு பொருளைத் தனியாக வைத்திருக்கும் ஒருவர் அதை விற்றால், அவருக்கு விற்கும் உரிமை இல்லை என்று தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு முழு உரிமையும் போகும். இதை நம்பி வழக்காடலாமா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆர்.சி.யில் அப்பாவின் பெயரைப் பார்த்தீர்கள், அவர் இறந்ததும் தெரியும், விற்றவர் மகன் என்பதும் தெரியும். ‘வேறு வாரிசு இருக்கிறார்களா என்று ஏன் கேட்கவில்லை?’ என்று நீதிபதி கேட்டால் உங்களிடம் பதில் இல்லை.

எனவே கோர்ட்டுப் படி ஏறுவதற்கு முன் ஏற்காடு ஏறுங்கள். அந்த அம்மாவை நேரில் பாருங்கள். இத்தகைய தகராறுகளில் பணத்தைவிட, தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற வருத்தம்தான் பெரிதாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். விற்ற விலையில் மகளின் பங்கு 20,000 ரூபாய். அதைக் கொடுக்க வேண்டியவர் அண்ணனோ தம்பியோ, பணம் வாங்கிய அந்த மகன்தான், நீங்கள் அல்ல. அவர் கொடுத்து, அம்மாவும் மகளும் ஆட்சேபணை இல்லை என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் தகராறு அங்கேயே முடிந்துவிடும்.

பேச்சு முறிந்தால், சேலம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுங்கள். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. அங்கே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) எழுதப்படும் சமரசம், நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமமானது, மேல்முறையீடும் இல்லை. 15100 என்ற எண்ணில் வழி கேட்கலாம். மகள் வண்டியே வேண்டும் என்று நின்று, கடைசியில் அதை நீங்கள் திருப்பித் தர நேர்ந்தால், விற்றவரிடம் 60,000 ரூபாயையும் இழப்பீட்டையும் கேட்க சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. ‘எனக்குச் சொந்தமான’ என்று அவர் எழுதிய சொல் அப்போது பேசும். ஒர்க்‌ஷாப் ரசீது ஒன்றையும் தூக்கி எறியாதீர்கள். சமரசம் கையெழுத்தாகும் வரை புதிதாகச் செலவும் செய்யாதீர்கள்.

பெயர் மாற்றத்தில் பலர் ஒரு படியைத் தாண்டப் பார்க்கிறார்கள். இறந்தவரிடமிருந்து நேராக உங்கள் பெயருக்கு வராது. முதலில் வாரிசு ஒருவர் பெயருக்கு, படிவம் 31 வழியாக மாற வேண்டும். அதற்கு இறப்புச் சான்றிதழ், ஏற்காடு வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் தேவை. இறந்து மூன்று மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டிய விண்ணப்பம் இது. தாமதத்தை விளக்கி இப்போதாவது கொடுக்க வேண்டியதுதான். அதன் பிறகு அந்த வாரிசு உயிரோடு, தன் கையால், உங்களுக்காகப் படிவம் 29, 30 போட்டுத் தருவார். பழைய புத்தக ஆர்.சி.யின் விவரம் கணினியில் ஏறாமல் இருக்கலாம். மூலப் புத்தகத்தைக் காட்டி முதலில் அதை ஏற்றச் சொல்லுங்கள். 2004இல் முடிந்த பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25; அதற்கு வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் நேரில் பார்ப்பார். பசுமை வரியும் கட்ட வேண்டும்.

ஐம்பது வயது தாண்டிய வண்டி என்பதால் ‘விண்டேஜ்’ பதிவு வாங்கச் சொல்லி யாராவது ஆசை காட்டுவார்கள். 2021 ஜூலையில் வந்த விதி அது. கண்காட்சி, பழைய வண்டிகளின் ஊர்வலம், எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே அந்தப் பதிவுள்ள வண்டியைச் சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை. தினமும் வேலைக்குப் போக நினைக்கும் உங்களுக்குச் சாதாரணப் புதுப்பித்தல்தான் பொருத்தம்.

மெக்கானிக்கிடம் இன்றே ஒன்று சொல்லுங்கள். சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் இந்த வண்டியின் உயிர். ஏற்காட்டுப் பனியில் 20 ஆண்டு கிடந்த இரும்பில் துரு ஏறியிருக்கும். அதைச் சுரண்டுகிறேன், மணல் அடித்துப் பவுடர் கோட்டிங் செய்கிறேன் என்று எண்ணைத் தேய்த்துவிட்டால் ஆய்வாளர் முன் நிற்க முடியாது. வேலைக்கு முன்பே அந்த இடங்களைப் படம் எடுத்து, எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பென்சில் பிரிண்ட்டும் எடுத்து வையுங்கள். ‘இந்த இன்ஜின் தேறாது, வேறொன்று போட்டுவிடலாம்’ என்றால் சம்மதிக்காதீர்கள். ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக எதை மாற்றினாலும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்.

ஓட ஆரம்பித்ததும் ஒரு நாள் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிப் பார்க்கக் கை துடிக்கும். பதிவும் காப்பீடும் கைக்கு வரும் வரை, தெருமுனை டீக்கடை வரைக்கும்கூட வேண்டாம். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்கு இழப்பீடு கொடுக்க வேண்டிய உரிமையாளர் என்று 2018இல் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்று ஒரு விபத்து நேர்ந்தால், ஓட்டிய நீங்கள் கைக்காசிலிருந்து கொடுக்க நேரும்; பெரியவர் பெயரை வைத்து அந்த அம்மாவையும் வழக்கில் இழுப்பார்கள். ஆய்வுக்கு வண்டியை டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு போங்கள்.