மச்சான் கணக்குக்கு அந்தப் பணம் போக வேண்டாம்

கேள்வி: செங்கல் சூளைகளிலிருந்து மீட்கப்பட்ட கொத்தடிமைக் குழந்தைகளுக்காகத் திருவள்ளூர் அருகே நடக்கும் ஓர் இல்லத்துக்கு, வாட்ஸ்அப் குழுக்களில் கேட்டு 14,000 வெள்ளி சேர்த்தேன். இல்லத்துக்கு வெளிநாட்டு நிதி வாங்கும் பதிவு இல்லை. அதனால் என் மச்சான் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார்கள். இதற்குள் நண்பர் ஒருவர் என்னைத் திருடன் என்று பரப்புகிறார். மனம் உடைந்துவிட்டது. வழக்குப் போடலாமா? - சிங்கப்பூர் ஈசூன் வாசகர்

பதில்: வழக்கை விடுங்கள். போட்டால் எதிர்த்தரப்பு முதலில் கேட்பது உங்கள் அனுமதிக் கடிதத்தைத்தான். அது உங்களிடம் இல்லை. வெளிநாட்டு அறப்பணிக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். அனுமதி கிடைத்தாலும், திரட்டும் செலவு போக மிஞ்சும் தொகையில் 80 விழுக்காடு சிங்கப்பூரிலேயே செலவாக வேண்டும் என்பதுதான் பொதுவிதி. குழு குழுவாகப் பரவிய செய்தியைக் காட்டி 'தெரிந்தவர்களிடம்தான் கேட்டேன்' என்று வாதாட முடியாது.

எனக்கு அதைவிடப் பயம் மச்சான் கணக்கு. நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகன் என்பதால், இந்தியாவின் 2010 வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி உங்கள் பணம் வெளிநாட்டுப் பணம். பூர்வீகம் தஞ்சாவூர் என்பதால் அது மாறாது. உறவினருக்குக் கொடுப்பதற்கு விலக்கு உண்டு, சரி. ஆனால் ஊரார் தந்த பணத்தைக் 'குடும்பச் செலவு' என்று வங்கிப் படிவத்தில் எழுதி அனுப்பி, மறுநாளே அது இல்லத்தின் கணக்கில் ஏறினால், அந்த இரண்டு வரவுகளே போதும். வாங்கியவருக்கும் உதவியவருக்கும் ஐந்தாண்டு வரை சிறை. இப்படி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அனுப்பியவர் இங்கே நிம்மதியாக இருப்பார். அங்கே இல்லத்தின் கணக்கு முடங்கிவிடும், பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு நிர்வாகி அலைவார். தொகையைப் பிரித்துப் பிரித்து அனுப்பினால் திட்டமிட்டுச் செய்ததாகத்தான் தெரியும். பதிவுள்ள வேறு சங்கம் வாங்கிக் கைமாற்றுவதையும் 2020 திருத்தம் தடுத்துவிட்டது.

அதனால் பேநவ் (கைப்பேசிவழிப் பணமாற்று) பதிவை வைத்துக்கொண்டு, தந்தவர்களுக்கே பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். 'பெற்றுக்கொண்டேன்' என்று ஒவ்வொருவரிடமும் எழுத்தில் வாங்குங்கள். நண்பருக்கும் அந்தக் கணக்கைக் காட்டிச் சமாதானமாகப் போங்கள். அப்புறம், குழுவில் போட்ட குழந்தைகளின் படங்களை இன்றே நீக்குங்கள். மீட்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இந்தியச் சிறார் நீதிச் சட்டப்படி குற்றம்.

உதவ வழி இருக்கிறது. குறிப்பிட்ட நன்கொடையாளர், குறிப்பிட்ட பணி என்று காட்டி இல்லம் இந்திய உள்துறையிடம் முன் அனுமதி கேட்கலாம். ஒவ்வொரு குழந்தைக்கும் கொத்தடிமை விடுவிப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று இல்லத்தைக் கேளுங்கள். மத்திய அரசின் கொத்தடிமை மறுவாழ்வுத் திட்டத்தில் குழந்தைகளுக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. அதைக் கேட்க அந்தச் சான்றிதழ்தான் அடிப்படை.