பன்னிரண்டு நாள் பயணத்துக்கு ஐந்து வருடக் கட்டுக்காசா?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் புதுக்குடியிருப்பில் ஆசிரியராக இருக்கிறேன். மனைவி தாதி. மகளுக்குப் பதின்மூன்று வயது, மகனுக்குப் பத்து. இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 1,72,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் 34,000, வீட்டுச் செலவு 85,000 அளவில். 50,000 மிஞ்சும். நிலையான வைப்பில் 22 இலட்சம் இருக்கிறது, மே மாதம் முதிர்கிறது. மனைவியிடம் 14 பவுண் நகை உண்டு.

வருகிற ஓகஸ்டில் கனடாவில் இருந்து அண்ணா குடும்பமாக நாலு பேர் வருகிறார்கள். எல்லோருமாகக் கரையோரத்தால் பன்னிரண்டு நாள் இலங்கையைச் சுற்றிப் பார்க்க ஆசை. என் பிள்ளைகளுக்கு முல்லைத்தீவுக் கடலைத் தவிர வேறு கடல் தெரியாது. பழைய டொல்பின் வான் ஒன்று 62 இலட்சத்துக்கு வந்திருக்கிறது. வைப்புக் காசைக் கட்டி, மிச்சம் 40 இலட்சத்துக்கு லீசிங் எடுத்து, நகையை அடகு வைத்து உள்ளே கட்டில், குசினி, சோலர் எல்லாம் பூட்டிக் கேம்பர் வானாக்க நினைக்கிறேன். பயணம் முடிந்த பிறகு சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டால் வானே தன் கட்டுக்காசைக் கட்டிவிடும் என்பது என் கணக்கு. அண்ணாவும் பாதி தருவதாகச் சொல்கிறார். உங்களிடம் கேட்டுவிட்டுச் செய்யச் சொல்லி மனைவி சொன்னார்.
- ஓர் ஆசிரியர், புதுக்குடியிருப்பு

பதில்: தம்பி, காசை எண்ணுவதற்கு முதல் ஆட்களை எண்ணுவோம். நீங்கள் நாலு பேர், அண்ணா வீட்டார் நாலு பேர். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, பற்றரி எல்லாம் ஏற்றிய பிறகு ஒரு டொல்பினுக்குள் நிம்மதியாகப் படுக்கக்கூடியவர்கள் இரண்டு பேர். பிள்ளைகளை நெருக்கிக் கிடத்தினால் நாலு. மற்ற நாலு பேருக்கும் இரவில் அறை எடுக்க வேண்டும். ஆசனங்களைக் கழற்றித்தான் கட்டில் போடுவீர்கள் என்பதால் பகலில் அவர்களுக்கு இன்னொரு வாகனமும் பிடிக்க வேண்டும். வானுக்கும் வேலைப்பாட்டுக்குமாக 70 இலட்சத்தைக் கொட்டிய பிறகும் அறை வாடகையும் ஹயர் காசும் உங்களை விடப்போவதில்லை. உங்கள் மனைவி என்னிடம் கேட்கச் சொன்னதற்கு இதுதான் காரணமோ தெரியாது, ஆனால் அவர் ஆட்களை எண்ணிப் பார்த்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, இனிக் காசு. லீசிங் வீதம் என்னவென்று நீங்கள் எழுதவில்லை. 16 வீதம் என்று வைத்துக்கொள்கிறேன். 40 இலட்சத்துக்கு ஐந்து வருடம் மாதம் 97,270 ரூபாய் கட்ட வேண்டும். முடியும்போது 58 இலட்சத்து 36 ஆயிரம் கட்டியிருப்பீர்கள், அதில் வட்டி மட்டும் 18 இலட்சத்துக்கு மேல். உங்களிடம் மாதம் மிஞ்சுவது 50,000. காப்புறுதி, ரயர், சேர்விஸ், வருட லைசன்ஸ் எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. வைப்பை உடைப்பதால் போகும் வட்டி வேறு. 8 வீதம் என்றால் 10 வீத வரி கழித்தும் மாதம் 13,200 வந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வீட்டுக்கு வரும் ஏஜன்ட் "வருடத்துக்கு 9 வீதம்தான் சேர்" என்பார். பொய் சொல்கிறார் என்றில்லை. அவர் சொல்வது முழு 40 இலட்சத்துக்கும் ஐந்து வருடமும் ஒரே மாதிரி வட்டி போடும் கணக்கு. நீங்களோ மாதாமாதம் முதலைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறீர்கள். நாலாம் வருடத்தில் உங்கள் கையில் இல்லாத காசுக்கும் அவர் வட்டி எண்ணுகிறார். குறைந்துபோகும் மீதிக்குப் போட்டுப் பார்த்தால் அந்த 9 வீதம் ஏறக்குறைய 16 வீதம். எந்தக் கம்பனிக்குப் போனாலும் "குறைந்து செல்லும் மீதியில் எத்தனை வீதம்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

எனக்கும் ஒரு லீசிங் கதை இருக்கிறது. மீள்குடியேறி வந்த காலம், வன்னி முழுக்க லீசிங் கந்தோர்கள் முளைத்திருந்தன. நானும் ஒரு லான்ட்மாஸ்டர், அதுதான் இரண்டு சில்லு உழவு இயந்திரம், எடுத்தேன். வயலும் உழலாம், ஹயரும் ஓடலாம், தானே கட்டிவிடும் என்று உங்களைப் போலவே கணக்குப் போட்டேன். ஒரு காலபோகம் வெள்ளத்தில் போனது. ஹயர் ஓடலாம் என்றால் ஊரில் வீட்டுக்கு வீடு லான்ட்மாஸ்டர் நிற்கிறது, யார் யாரைக் கூப்பிடுவது? மூன்று கட்டுக்காசு பிந்தியதும் இரண்டு பொடியன்கள் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார்கள். அந்த நேரம் நான் ஒரு வங்கியில் கடன் பிரிவில்தான் வேலை செய்துகொண்டிருந்தேன், அதுதான் பெரிய வெட்கம். தானே கட்டிவிடும் என்று யார் சொன்னாலும் அதிலிருந்து எனக்குக் காது கூசும்.

உங்கள் வான் தானே கட்டுமா என்று பார்ப்போம். கட்டுக்காசு, காப்புறுதி, பராமரிப்பு எல்லாம் சேர்ந்து மாதம் 1,25,000 தேவை என்று வையுங்கள். ஒரு நாளுக்கு 15,000 கையில் நின்றால்கூட மாதத்தில் எட்டு ஒன்பது நாள் ஓட வேண்டும், அதுவும் பன்னிரண்டு மாதமும். வெள்ளைக்காரன் இறங்குவது கட்டுநாயக்காவில், உங்கள் வான் நிற்பது புதுக்குடியிருப்பில். இடையில் முந்நூறு கிலோமீற்றர் அளவில் தூரம். ஒவ்வொரு முறையும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு வானைக் கொண்டுபோய்க் கொடுப்பீர்களா? ஐப்பசியில் மழை தொடங்கினால் மாசி வரைக்கும் கிழக்குக் கரையில் கூட்டம் குறைவு, அந்த நேரம் ஆட்கள் தெற்கே காலி, மாத்தறைப் பக்கம் போவார்கள். வானும் அங்கே நிற்க வேண்டும், பார்க்க ஓர் ஆளும் வேண்டும். அங்கே ஆள் வைத்துச் செய்பவர்களுக்கு இது தொழில். இங்கிருந்து செய்தால் தலையிடி.

சட்டப் பக்கமும் இருக்கிறது. லீசிங் முடியும் வரை பதிவுப் புத்தகத்தில் உரிமை கம்பனிக்குத்தான், அவர்கள் சம்மதம் இல்லாமல் ஆசனத்தைக் கழற்றிக் கட்டில் போட முடியாது. அந்த மாற்றத்துக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். சொந்தப் பாவனைக்கு எடுத்த காப்புறுதி, வாடகைக்கு விட்ட நேரம் விபத்து நடந்தால் கைகொடுக்காது. உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். பி வகுப்பு என்றால் சாரதியோடு ஒன்பது ஆசனம் வரைதான். டொல்பின்கள் பலதும் அதற்கு மேல்.

அண்ணாவின் பாதியைப் பற்றி. பாதி எதற்கு? பயணச் செலவுக்கா, வானுக்கா? பயணத்துக்குப் பாதி என்றால் அவர் கனடாவுக்குத் திரும்பும்போது கணக்கு முடிந்துவிடும். வானுக்குப் பாதி என்றால் முடியாது. வானில் அவருக்குப் பங்கு, கட்டுக்காசு உங்கள் பெயரில். இரண்டு வருடம் கழித்து எஞ்சின் பழுதானால் பாதிச் செலவு யாருடையது? விற்றால் எவ்வளவுக்கு விற்றது என்று அவர் எப்படி நம்புவார்? சகோதரர்கள் இருவரும் நல்லவர்களாக இருந்தும் கதைக்காமல் போன குடும்பங்களை எனக்குத் தெரியும், எல்லாம் இப்படிப் பேசாமல் விட்ட பாதிகளால்தான். எந்தப் பாதியாக இருந்தாலும் ஒரு கொப்பித் தாளில் எழுதி இருவரும் வாட்ஸ்அப்பில் "சரி" என்று போட்டு வைத்துக்கொள்ளுங்கள். காசை வங்கிக் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள், வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் அனுப்பும் உண்டியல் வேண்டாம்.

நகையைத் தொடவே வேண்டாம். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் எதை விற்றுச் சாப்பிட்டோம் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து வீதியும் பாலமும் உடைந்த கிழமையில் கையில் காசு வைத்திருந்தவனுக்கும் இல்லாதவனுக்கும் இருந்த வித்தியாசத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஆனால் பயணத்தை விடச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு வேறு கடல் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் காசு செலவழிக்கத்தான் வேண்டும். மகளுக்குப் பதின்மூன்று. இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் சாதாரண தரம், பிறகு ரியூசன், பிறகு அவள் உங்களோடு வரவே மாட்டாள்.

சாரதியோடு ஒரு வான் ஹயருக்குப் பிடியுங்கள். திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், அம்பாந்தோட்டை, காலி, கொழும்பு, புத்தளம், மன்னார் என்று சுற்றினால் இடையில் அங்கே இங்கே திரும்புவதோடு 1,600 கிலோமீற்றர் வரும். முல்லைத்தீவில் இருந்து கடற்கரையோடே புல்மோட்டைக்கு இறங்கலாம் என்று எண்ண வேண்டாம், கொக்கிளாய்க் களப்பு குறுக்கே கிடக்கிறது, சுற்றித்தான் போக வேண்டும். அதே போலப் புத்தளத்தில் இருந்து மன்னாருக்கு வில்பத்துக் காட்டுக்குள்ளால் வரும் பழைய பாதையை நம்பாமல் அனுராதபுரம், மதவாச்சி வழியாக வாருங்கள். மன்னாரில் இருந்து ஏ32 வீதியால் பூநகரி, பரந்தன், பிறகு வீடு.

டீசலும் சாரதி கூலியும் சேர்த்துக் கிலோமீற்றருக்கு 130 ரூபாய் என்று பேசினால் 2,08,000. சாரதி வெளியில் தங்கும் பதினொரு இரவுக்கு 2,500 படி 27,500. இரண்டு இரவு சொந்தக்காரர் வீட்டில் என்று வைத்து, ஒன்பது இரவு மூன்று அறை, அறைக்கு 7,000 என்றால் 1,89,000. சாப்பாட்டுக்கு ஆளுக்கு நாளுக்கு 2,000 ரூபாயாக 1,92,000. படகு, நுழைவுச்சீட்டு, பிள்ளைகளின் ஐஸ்கிறீம் என்று 60,000. கூட்டினால் 6,76,500. எதிர்பாராததுக்குப் பத்து வீதம் போட்டால் 7,44,000 சொச்சம். உங்கள் பாதி 3,72,000. விலைகள் என் மதிப்பீடுதான், சாரதியிடம் பேசும்போது டீசல் விலை ஏறினால் என்ன செய்வது என்பதையும் பேசி முடியுங்கள்.

நானாக இருந்தால் ஓகஸ்டில் முழுச் சுற்றுப் போக மாட்டேன். அது சோழகக் காலம், காலியிலும் ஹிக்கடுவையிலும் கடல் கொந்தளிக்கும், பிள்ளைகள் கரையில் நின்று பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்பே என்று கிழக்கோடு எட்டு நாள் போய் வந்தால் கடலில் இறங்கியும் குளிக்கலாம், மொத்தச் செலவும் 5,20,000 அளவில் நிற்கும். தெற்கை இன்னொரு வருடம் மார்கழி லீவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், இங்கே வாடை மழை பெய்யும்போது அங்கே வெயில். மன்னார்ப் பக்கம் போவதாக இருந்தால் ஓகஸ்ட் 15ஆம் திகதி மடு மாதா திருநாள் என்பதை மறக்க வேண்டாம், வீதியும் அறைகளும் நிரம்பி வழியும். நீங்கள் இருவரும் அரச உத்தியோகத்தர்கள். திணைக்களங்களின் சுற்றுலா விடுதிகளுக்கு இப்போதே விண்ணப்பித்தால் அறைக் காசில் பெரும்பகுதி மிஞ்சும். அண்ணா குடும்பத்திடம் இரட்டைக் குடியுரிமை இல்லை என்றால் சரணாலயங்களில் வெளிநாட்டவர் கட்டணம் கேட்பார்கள், அதை அவர் கணக்கிலேயே போடுங்கள்.

கேம்பர் வானில் படுத்துப் பார்க்கும் ஆசை போகவில்லை என்றால் இரண்டு இரவுக்கு வாடகைக்கு எடுத்து உங்கள் நாலு பேரும் படுத்துப் பாருங்கள். கடற்கரைப் புழுக்கத்தில், ஏசி போட எஞ்சினை ஓட விட வேண்டிய வானுக்குள் ஓர் இரவு கழிந்தால் மகனே அறை கேட்பான். ஒருவேளை எல்லோருக்கும் பிடித்துப் போனால் என்னை ஏசுங்கள், ஏச்சை வாங்கிக்கொள்கிறேன்.

காசு எங்கிருந்து? இப்போதிருந்து மாதம் 30,000 தனிக் கணக்கில் போட்டால் ஆறு மாதத்தில் 1,80,000. கிழக்கோடு நிறுத்தினால் உங்கள் பாதி 2,60,000, குறைவது 80,000 மட்டும். மே மாதம் வைப்பு முதிரும்போது அதை எடுங்கள், அதற்கு முதல் உடைத்தால் வட்டி குறைப்பார்கள். மிச்சத்தைத் திரும்பப் போடும்போது இரண்டு நிறுவனங்களில் பிரித்துப் போடுங்கள், வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஓர் ஆளுக்கு 11 இலட்சம் வரைதான். மனைவியின் சம்பளத்தைச் சேர்க்காமல் உங்கள் தனி வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் பிரகடனப் படிவம் நிரப்பிக் கொடுத்தால் வட்டியில் 10 வீத வரி பிடிக்க மாட்டார்கள். 22 இலட்சத்துக்கு அது வருடம் 17,600, இரண்டு அறைக்கும் மேல்.

அண்ணா தானே ஓட்டுவேன் என்று நிற்பார், கனடாவில் இருந்து வருபவர்கள் எல்லோரும் நிற்பார்கள். வெளிநாட்டவருக்கான தற்காலிக சாரதி அனுமதிப்பத்திரம் 2025 ஓகஸ்டில் இருந்து கட்டுநாயக்காவிலேயே கொடுக்கிறார்கள். எடுக்கட்டும், ஆனால் ஹயர் வானின் திறப்பைக் கொடுக்காதீர்கள்.

டொல்பின்காரனுக்கு இன்னும் முற்பணம் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன். கொடுத்திருந்தால் எவ்வளவு, ரசீது இருக்கிறதா என்று உடனே எழுதுங்கள்.