ஒரே ஒரு போனை வைத்து என்ன செய்யலாம்? புது ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

(காரைக்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் பல வருடங்களாகச் சிறப்பாசிரியராக (மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஆசிரியர்) இருக்கிறேன். இந்த வருடம் பணியில் சேர்ந்தவர்கள் கேட்டவை இவை.)

கானாடுகாத்தான்: டீச்சர், என் மூன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டவே வரவில்லை. ஸ்மார்ட் போர்டு இல்லை, என் போன் மட்டும்தான்.

போதும்மா. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி, தொடக்க நிலையிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று ஏற்கெனவே பிரித்திருப்பீர்கள். அரும்புப் பிள்ளைகளில் நாலு பேரை மட்டும் உட்கார வைத்து, அவர்கள் வாசிப்பதைப் பதிவு செய்து உடனே போட்டுக் காட்டுங்கள். தன் குரலைக் கேட்கும்போது எங்கே தடுக்கியது என்று பிள்ளையே சொல்லிவிடும். பாடப்புத்தகத்தின் கியூஆர் கோடில் வரும் வீடியோக்களை முந்தின நாளே தீக்‌ஷா செயலியில் இறக்கி வைத்துவிட்டால், வகுப்பில் சிக்னலைத் தேடி அலைய வேண்டாம்.

தேவகோட்டை: எட்டாம் வகுப்பில் பார்வையில்லாத மாணவன் இருக்கிறான். லேப்டாப்பில் என்விடிஏ (திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்) போட்டேன். என் தமிழ்க் குறிப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகச் சொல்கிறது.

தம்பி, தவறு மென்பொருளில் இல்லை, நீங்கள் தட்டச்சு செய்த எழுத்துருவில். பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. நம் கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரியும். கணினிக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அவன் காதில் விழுவதும் அதுதான். ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய கோப்புகளை மாற்ற இணையத்தில் இலவச எழுத்துரு மாற்றிகள் உண்டு. 2010-லேயே அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இன்னும் பழைய எழுத்துருவில் வினாத்தாள் வருவதைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது. வினாத்தாளைப் போட்டோ எடுத்து பிடிஎஃப் ஆக்கி அனுப்பினாலும் அவனுக்குப் பயனில்லை; அது வெறும் படம், என்விடிஏ அதை அப்படியே வாசிக்காது.

என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் பேசும். இயந்திரக் குரல்தான், ஒரு வாரத்தில் பழகிவிடும். அப்புறம், வடிவியல் வந்தால் லேப்டாப்பை மூடிவிட்டு ஓர் ஓலைக் கொட்டானை, அதாவது பனையோலைக் கூடையை, கையில் கொடுங்கள். சதுர அடி மேலே வட்டமாவதை விரலாலேயே கண்டுபிடிப்பான்.

புதுவயல்: காதுக்கருவி போட்ட பெண் பிள்ளைக்கு நான் பேசுவது புரியவில்லை. வகுப்பு பழைய வீட்டு ஹாலில் நடக்கிறது.

உயரமான கூரை, வழுவழுப்பான தரை. எதிரொலியும் மின்விசிறிச் சத்தமும் சேர்ந்து கருவிக்குள் போகும். முன் வரிசையில், உங்கள் முகம் தெரிகிற மாதிரி உட்கார வையுங்கள். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள். லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி பேச்சைத் தமிழில் எழுத்தாக்கும். போன் உங்களுக்குப் பக்கத்தில், திரை அவளுக்குத் தெரிகிற மாதிரி இருக்கட்டும். அவள் வேகமாக வாசிப்பவளா என்று முதலில் பாருங்கள்; இல்லையென்றால் அது கூடுதல் பாரம்.

கோட்டையூர்: வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

வேண்டாம். பல வீட்டில் இருக்கிற ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். நோட்டில் எழுதிக் கொடுங்கள்.

பள்ளத்தூர்: ஒரு பையன் வாயால் அருமையாகப் பதில் சொல்கிறான், எழுதினால் எல்லாம் தப்பு. சோம்பேறி என்கிறார்கள்.

அந்தச் சொல் அவன் காதில் விழாமல் பாருங்கள். வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. ஒன்றியத்தின் சிறப்பாசிரியரிடம் காட்டி முறையாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை போனின் குரல் தட்டச்சில் அவன் பதிலைச் சொல்லட்டும். திரையில் வந்ததை அவனே படித்துத் திருத்தட்டும். மதிப்பெண்ணை அந்தப் பதிலுக்குப் போடுங்கள், கையெழுத்துக்கு அல்ல.