கொச்சிக்கு மேட்ச் பார்க்கப் போனால் எங்கே சாப்பிடலாம், எங்கே குடிக்கலாம்?

பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து நண்பர்களோடு மேட்சுக்குப் போய் வந்த அனுபவத்தில் சொல்கிறேன். கலூர் ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலேயே மெட்ரோ நிற்கிறது, அதனால் வயிற்றைக் காயப்போட்டு வாசலில் காத்திருக்க வேண்டாம், ஊரைச் சுற்றிவிட்டு வரலாம்.

என் முதல் ஓட்டு மட்டாஞ்சேரிக்குத்தான். 1948-லிருந்து இருக்கும் கயீஸ் ரஹ்மத்துல்லா ஹோட்டலில் மட்டன் பிரியாணி. பொடி அரிசியான கைமாவில் செய்வது, நம் பக்கத்துப் பிரியாணி போல மசாலா தூக்கலாக இருக்காது, முதல் வாயில் சப்பென்று தோன்றும், ஆனால் பாதித் தட்டு போனதும் ஏன் இத்தனை பேர் தேடி வருகிறார்கள் என்று புரியும். மதியமே போய்விடுங்கள். பக்கத்திலிருக்கும் ஃபோர்ட் கொச்சிக்கு வாட்டர் மெட்ரோ படகில் போனால் துறைமுகத்தையும் பார்த்த மாதிரி ஆச்சு.

கள்ளு வேண்டுமென்றால் திருப்பூணித்துறை தாண்டி உதயம்பேரூரில் முல்லப்பந்தல் கள்ளுக்கடை. கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீன் கறியும்தான் அங்கே விசேஷம், கள்ளு அப்புறம்தான். மேட்சுக்கு முன்னாலேயே போங்கள், கள்ளுக்கடைகள் பார் போல இரவு வெகுநேரம் இருக்காது.

முக்கியமான விஷயம்: கேரளத்தில் மது வாங்க 23 வயது ஆகியிருக்க வேண்டும். மாதத்தின் முதல் தேதி மதுக்கடைகளுக்கு லீவு, டிக்கெட் எடுக்கும்போதே தேதியைப் பாருங்கள்.

குடிக்காதவர்களுக்குக் குலுக்கி சர்பத் இருக்கிறது. எலுமிச்சை, சப்ஜா விதை, கீறிய பச்சை மிளகாய் போட்டுக் குலுக்கித் தருவார்கள், கத்திக் கத்திக் காய்ந்த தொண்டைக்கு அவ்வளவு இதம்.