மிசஸ் பிராட்லி நாவல்கள்: நீங்கள் கேட்டதும் நான் சொல்வதும்

கேள்வி: அக்கா, துப்பறியும் பாட்டி என்றால் எனக்கு மிஸ் மார்ப்பிள்தான் தெரியும். இந்த மிசஸ் பிராட்லி யார்?

பதில்: ஆங்கில எழுத்தாளர் கிளாடிஸ் மிட்செலின் நாயகி. 1929-இல் தொடங்கி 66 நாவல்களில் வருகிறார். தொழில் மனநல மருத்துவம், பிரிட்டன் உள்துறைக்கே ஆலோசனை சொல்கிறவர். மார்ப்பிள் ஓரமாக உட்கார்ந்து பின்னல் வேலை செய்தபடி எல்லாவற்றையும் கவனிப்பார், இவர் உள்ளே நுழைந்தாலே மொத்த அறையும் திரும்பிப் பார்க்கும். பல்லி மாதிரி முகம், மஞ்சள் பாரித்த விரல்கள், கண்ணைக் கூசவைக்கும் நிறத்தில் உடை, யாராவது உளறினால் விலாவில் ஒரு குத்து, கூடவே கெக்கெக்கென்று ஒரு சிரிப்பு. ஆனால் குரல் மட்டும் அத்தனை இனிமை! அந்தக் குரலை நம்பித்தான் பலரும் வாயைத் திறக்கிறார்கள்.

கேள்வி: குற்றவாளியைக் கண்டுபிடித்ததும் போலீஸில் ஒப்படைத்துவிடுவாரா?

பதில்: எல்லா நேரமும் ஒப்படைப்பதில்லை. எனக்கு இவரைப் பிடித்ததே அதனால்தான். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், இந்த ஆளை என்ன செய்வது என்று தானே யோசித்து முடிவெடுப்பார், அது நமக்கு ஒப்புக்கொள்ள முடியாததாகவும் இருக்கும். முதல் நாவலான 'ஸ்பீடி டெத்'திலேயே கொலைக் குற்றம் சாட்டப்பட்டுக் கூண்டில் நிற்கிறார், அவருக்காக வாதாடுவது சொந்த மகன். மீதியைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். 1929-இல், அதுவும் முதல் புத்தகத்தில், இப்படி எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

கேள்வி: அப்போ அதிலிருந்தே ஆரம்பிக்கலாமா?

பதில்: வேண்டாம், 1945-இல் வந்த 'தி ரைசிங் ஆஃப் தி மூன்' எடுங்கள். கதை சொல்வது சைமன் என்ற 13 வயதுப் பையன். ஊருக்கு சர்க்கஸ் வருகிறது, பெண்கள் ஒவ்வொருவராகக் கத்தியால் கொல்லப்படுகிறார்கள், அவனும் தம்பி கீத்தும் ராத்திரியில் வீட்டுக்குத் தெரியாமல் வெளியே நழுவுகிறார்கள். பயமும் ஆசையும் கலந்த அந்த வயதை மிட்செல் அப்படியே பிடித்திருக்கிறார். பல வருஷம் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், அதுவும் லண்டன் பக்கம் கால்வாய் ஓடும் பிரென்ட்ஃபோர்டில். அந்த ஊரின் சாயல் கதை முழுக்கத் தெரியும். மிசஸ் பிராட்லி கொஞ்சம் தாமதமாகத்தான் வருவார், பொறுமையாக இருங்கள்.

கேள்வி: இந்த நாவல்களை வைத்து வந்த பிபிசி டிவி தொடர் எப்படி?

பதில்: 1998-இல் ஒன்று, 2000-இல் நான்கு, மொத்தம் ஐந்தே கதைகள். மிசஸ் பிராட்லியாக வரும் டயானா ரிக் நடுவில் கேமராவைப் பார்த்து நம்மிடமே பேசுவது நன்றாக இருக்கும். டிரைவர் ஜார்ஜாக நீல் டட்ஜன், பின்னாளில் 'மிட்சோமர் மர்டர்ஸ்' தொடரில் துப்பறியும் போலீஸ் அதிகாரி பார்னபியாக வந்தவர். பார்க்கலாம், ஆனால் ரிக் ரொம்ப அழகு. பார்த்தவுடன் முகம் சுளிக்கவைக்கும் ஒரு கிழவியிடம் போகப்போக நம் மனசு ஒட்டிக்கொள்கிற அனுபவம் புத்தகத்தில்தான் கிடைக்கும்.

கேள்வி: 66-மே படிக்கும்படி இருக்குமா?

பதில்: இருக்காது. 1929 முதல் 1945 வரை வந்தவற்றில் கை வையுங்கள், பின்னால் வந்த பலவற்றில் பேச்சு நீண்டுகொண்டே போகும், கொலை எங்கே என்று தேட வேண்டியிருக்கும். பள்ளி நாடகத்தின்போது ஒரு டீச்சர் செத்துப்போகும் 'டெத் அட் தி ஆப்பரா' (1934) மட்டும் கட்டாயம் படியுங்கள்.