வாசகர் கேள்வி பதில்: குடும்பத்தில் தொடரும் மாரடைப்பு

திருகோணமலை மாவட்ட வாசகர்கள் மூவர் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில் எழுதுகிறோம். மூன்றும் இதயத்தைப் பற்றியவை. முதலாவது கேள்விக்குப் பதில் நீண்டுவிட்டது, அது நீளவேண்டிய கேள்விதான்.

கேள்வி: எனது அப்பா 43 வயதில் மாரடைப்பால் காலமானார். சென்ற வருடம் அண்ணாவுக்கு 38 வயதில் மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரியில் காப்பாற்றிவிட்டார்கள். அவர் கடற்றொழில் செய்பவர், மெலிந்த உடம்பு, சிகரெட் தொட்டதே இல்லை. எனக்கு 34 வயது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இது எங்கள் குடும்பத்தின் தலைவிதியா? மூலக்கூற்று ஆராய்ச்சி என்று பேசுகிறார்களே, அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு ஏதும் பயன் உண்டா?
– வாசகி, உப்புவெளி

பதில்: சகோதரி, தலைவிதி என்று ஒதுக்கிவிடாதீர்கள். மெலிந்தவரும் புகைக்காதவருமான ஒருவருக்கு 40 வயதுக்கு முன் மாரடைப்பு வந்து, அவருடைய தந்தையும் இளவயதிலேயே அதே நோயால் இறந்திருந்தால், பரம்பரை உயர் கொலஸ்ட்ரோல் நோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். உலகில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் இதை அறியாமலே வாழ்கிறார்கள்.

குருதியில் கொலஸ்ட்ரோலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல் துணிக்கைகளைப் பிடித்து உள்ளே எடுப்பதற்கென ஈரற் கலங்களின் மேற்பரப்பில் வாங்கிகள் என்னும் புரதங்கள் இருக்கின்றன. கரையில் மீனை இறக்கிவிட்டு மீண்டும் கடலுக்குப் போகும் வள்ளத்தைப் போல, ஒரு வாங்கி தான் பிடித்த துணிக்கையைக் கலத்துக்குள் இறக்கிவிட்டு மேற்பரப்புக்குத் திரும்பி, இவ்வாறு நூறு தடவைக்கு மேலும் வேலை செய்யும். இந்த வாங்கியை ஆக்கும் பரம்பரையலகில் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரு பழுதான பிரதி வந்துவிட்டால், வேலை செய்யும் வாங்கிகள் பாதியாகக் குறைகின்றன; எல்.டி.எல் குருதியிலேயே தேங்கி, பிறந்த நாள்முதல் நாடிகளின் சுவரில் படியத் தொடங்குகிறது. எவ்வளவு மெலிந்தவராக இருந்தாலும், எவ்வளவு உழைத்தாலும், இந்தக் குறை தானாக நீங்காது.

இதைக் கண்டறிந்தவர்கள் அமெரிக்காவின் டலஸ் நகரில் பணியாற்றிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்ரைன் என்னும் இரு மருத்துவர்கள். இரு பிரதிகளும் பழுதாகி, சிறுவயதிலேயே இதயநோய்க்கு ஆளானவர்களின் தோலிலிருந்து சிறு துண்டெடுத்து, அதன் கலங்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, கதிர்வீச்சு அயடீன் ஏற்றிய எல்.டி.எல்லை அவற்றின்மேல் விட்டுப் பார்த்தார்கள். ஆரோக்கியமானவர்களின் கலங்கள் அதைப் பற்றிக்கொண்டன. இவர்களின் கலங்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 1970களின் முற்பகுதியில் நடந்த இந்த ஆய்வுக்காக 1985இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் அண்ணாவுக்குக் கிளினிக்கில் கொடுக்கப்படும் கொழுப்புக் குளிசை எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கமும் அந்தத் தட்டுகளிலிருந்தே பிறந்தது.

அடுத்த பெரிய அடி 2003இல் வைக்கப்பட்டது. பிரான்சில் சில குடும்பங்களில் வாங்கி சரியாக இருந்தும் கொலஸ்ட்ரோல் மிக உயர்ந்திருந்தது. அங்கே பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் அளவுக்கு மீறி ஊக்கமாக வேலை செய்து, வாங்கிகளை மேற்பரப்புக்குத் திரும்பவிடாமல் அழித்துக்கொண்டிருந்தது. பின்னர் டலஸில் ஹெலன் ஹொப்ஸும் ஜொனதன் கோஹனும், அதே புரதம் பிறவியிலேயே செயலிழந்தவர்களைத் தேடிக் கண்டார்கள். 2006இல் வெளியான அவர்களது ஆய்வில், அத்தகைய கறுப்பின அமெரிக்கர்களின் எல்.டி.எல் 28 சதவீதம் குறைவாக இருந்தது. இதயநாடி நோய் வரும் ஆபத்தோ 88 சதவீதம் குறைந்திருந்தது. என்னை இன்றும் வியக்கவைப்பது இந்த இரண்டாவது எண்தான். குறைவு நடுத்தரமானது, ஆனால் அது பிறப்பிலிருந்தே இருந்தபடியால் பலன் இத்தனை பெரிதாயிற்று. சிகிச்சையை இளமையிலேயே தொடங்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. பி.சி.எஸ்.கே.9ஐத் தடுக்கும் ஊசிமருந்துகள் 2015 முதல் உலகில் பாவனையில் இருக்கின்றன. அவை விலை கூடியவை. ஆனால் பெரும்பாலான குடும்பங்களுக்கு முதலில் வேண்டியது மலிவான குளிசைதான்.

இனிச் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். அண்ணா ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்ட முதல் நாளில் எடுத்த கொலஸ்ட்ரோல் அறிக்கையைத் தேடி எடுங்கள். மாரடைப்புக்குப் பின் சில நாட்களில் எல்.டி.எல் தானாகவே தாழும், குளிசை தொடங்கியபின் இன்னும் தாழும், ஆகவே இப்போதைய அறிக்கை உண்மையை மறைக்கலாம். அவருடைய குதிக்கால் தசைநாணை, அதாவது குதிக்காலுக்கு மேலே கயிறுபோல் இருப்பதை, இரு விரல்களால் பிடித்துப் பாருங்கள். அது தடித்துக் கட்டிபட்டிருந்தாலோ, கைவிரல் மூட்டுகளின் மேல் உருளும் சிறு முடிச்சுகள் இருந்தாலோ, கருவிழியைச் சுற்றி வெண்ணிற வளையம் தெரிந்தாலோ மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நீங்களும் உங்கள் எல்.டி.எல்லைப் பரிசோதியுங்கள். சிகிச்சை பெறாத வளர்ந்தவருக்கு அது டெசிலீற்றருக்கு 190 மில்லிகிராமைத் தாண்டினால் இந்நோயைச் சந்தேகிக்கவேண்டும். அண்ணாவுக்கு இது உறுதியானால், உங்களுக்கும் இருப்பதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி. உங்களுக்கு இருந்தால் உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அதே வாய்ப்பு உண்டு. பிள்ளைகளைப் பத்து வயதுக்குள் ஒருமுறை பரிசோதிப்பது நல்லது. பரம்பரையலகுப் பரிசோதனை செய்ய வசதி இல்லையென்று காத்திருக்க வேண்டாம். சாதாரண குருதிப் பரிசோதனையும் குடும்ப வரலாறுமே சிகிச்சை தொடங்கப் போதும்.

கேள்வி: எனது வாப்பாவுக்கு 61 வயது. அட்டோவஸ்டட்டின் என்ற கொழுப்புக் குளிசை குடித்ததில் எல்.டி.எல் 165இலிருந்து 80க்கு வந்துவிட்டது. கால் உளைவதாகச் சொல்லி, இனிக் குளிசை தேவையில்லை என்கிறார். நிறுத்தலாமா?
– வாசகர், மூதூர்

பதில்: வைத்தியரைக் கேளாமல் நிறுத்தவேண்டாம். இந்தக் குளிசை ஈரல் கொலஸ்ட்ரோல் ஆக்கும் வேலையை மட்டுப்படுத்துகிறது. தட்டுப்பாட்டை உணரும் ஈரற் கலங்கள் மேலே சொன்ன வாங்கிகளைக் கூடுதலாக உண்டாக்கி, குருதியிலிருந்து எல்.டி.எல்லை இழுத்துக்கொள்கின்றன. குளிசை நின்றால் சில வாரங்களில் வாங்கிகள் குறைந்து, எண் பழைய இடத்துக்கே போய்விடும். 80 என்பது நோய் தீர்ந்ததற்கு அடையாளமாகாது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கே அது அடையாளம். இந்த வகை மருந்துக்கு வழிகாட்டியவர் ஜப்பானின் அகிரா எண்டோ; ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைச் சோதித்து, 1973இல் நீலப்பச்சைப் பூஞ்சணம் ஒன்றிலிருந்து அதன் முதல் வடிவத்தைப் பிரித்தெடுத்தார்.

கால் உளைவை அலட்சியம் செய்யவும் கூடாது. உளைவு கடுமையாக இருந்தால், அல்லது சிறுநீர் தேயிலைச் சாயத்தின் நிறத்தில் போனால், அன்றே வைத்தியரைக் காணவேண்டும். மற்றபடி, லண்டனில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்தால் வந்ததாகக் கருதப்பட்ட தொந்தரவுகளில் ஏறத்தாழ 90 சதவீதம் மருந்தில்லாத வெற்றுக் குளிசை குடித்த மாதங்களிலும் இருந்தது. தொந்தரவு உண்மையானதே, காரணம் வேறாக இருக்கலாம். அளவைக் குறைத்தோ வேறு வகைக்கு மாற்றியோ பார்க்க வழி இருக்கிறது என்று வாப்பாவிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நான் உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறேன். தென்னாசியரில் நூறில் நால்வருக்கு இதயத்தசைப் பரம்பரையலகு ஒன்றில் 25 எழுத்துகள் குறைவு என்று வாசித்தேன். உண்மையானால் எல்லோரும் பரிசோதிக்க வேண்டாமா?
– மாணவி, திருகோணமலை நகர்

பதில்: உண்மைதான், தங்கையே. ஹைதராபாத்தின் கலவியல், மூலக்கூற்று உயிரியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த தங்கராஜ் உள்ளிட்ட குழுவினர் 2009இல் இதை வெளியிட்டார்கள். எம்.வை.பி.பி.சி.3 என்ற பரம்பரையலகில் 25 கார இணைகள், அதாவது நீங்கள் சொன்ன எழுத்துகள், விடுபட்டிருப்பதால், இதயத்தசை சுருங்குவதை ஒழுங்குபடுத்தும் புரதத்தின் முனை மாறிவிடுகிறது. பிற்காலத்தில் இதயத்தசை பலவீனப்படும் ஆபத்து கூடுகிறது. ஆனால் இந்த விகாரம் உள்ளவர்களில் பலர் எந்த நோயுமின்றி முதுமையடைகிறார்கள். ஆகவே எல்லோரையும் பரிசோதித்தால் பலருக்கு வீண் அச்சமே மிஞ்சும். நெருங்கிய உறவினரில் இளவயதுத் திடீர் மரணமோ இதயத்தசை நோயோ இருந்தால் மட்டும், முதலில் மருத்துவரின் ஆலோசனைப்படி ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனை செய்துகொள்வது பொருத்தம். பரம்பரையலகுப் பரிசோதனை அதன் பின்னர்.