வெள்ளத்தில் பாலம் மூழ்கியிருக்கும்போதும் ஆஸ்திரேலிய லாரி டிரைவர்கள் ஏன் வண்டியைத் தண்ணீருக்குள் விடுகிறார்கள்?

நீங்களும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள். மூன்று ட்ரெய்லர் கோத்த வண்டி ஒன்று செம்மண் நிறத் தண்ணீருக்குள் இறங்கும், பின்னணியில் பாட்டு ஓடும், கீழே ஆயிரம் பேர் "இவனுக்கெல்லாம் யார் லைசென்ஸ் கொடுத்தது" என்று எழுதியிருப்பார்கள். நீங்கள் கேள்வியோடு நிறுத்தாமல் "இந்த டிரைவர்களுக்குப் பொறுமையே கிடையாதா?" என்றும் சேர்த்திருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் தூக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்படி இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் அந்த ஒருவனுக்குப் பின்னால் வரிசையாக எத்தனையோ வண்டி ஓரம் கட்டி நிற்கும். நிற்கிறவனை யார் வீடியோ எடுக்கப் போகிறார்கள்?

எனக்குச் சொந்த ஊர் சங்ககிரி. அப்பா லாரி வைத்திருந்தார். படிக்க என்று இங்கே வந்து, படித்த படிப்புக்கு வேலை அமையாமல், ஒவ்வொரு லைசென்ஸாக எடுத்து, கடைசியில் எம்.சி. என்கிற, பல ட்ரெய்லர் கோத்த வண்டிக்கான லைசென்ஸ் வாங்கி ரோடு ட்ரெயினில் ஏறினேன். வீடியோவில் பார்த்தீர்களே, அந்த மாதிரி நீள வண்டிக்குத்தான் இங்கே அந்தப் பெயர். மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில், பெர்த்திலிருந்து வடக்குக் கோடியில் இருக்கும் கிம்பர்லி பக்கம் ஓட்டம். அதனால் எனக்குத் தெரிந்த ஆற்றை வைத்தே சொல்கிறேன். மற்ற மாநிலத்தில் ஓட்டுகிறவர்கள் "எங்கள் பக்கம் அப்படி இல்லையே" என்று சண்டைக்கு வர வேண்டாம்.

நம் ஊரில் ஒரு பாலம் போனால் கொஞ்ச தூரத்தில் இன்னொரு பாலம் இருக்கும். கிம்பர்லியில் அந்தப் பேச்சே கிடையாது. கிழக்கு மேற்காகப் போக கிரேட் நார்தர்ன் ஹைவே ஒன்றுதான் முழுக்கத் தார் போட்ட ரோடு. கிப் ரிவர் ரோடு, தனாமி ரோடு என்று மேப்பில் கோடு தெரியும். பெரும்பாலும் மண் ரோடு, மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள். அந்த ஒற்றைத் தார் ரோடு ஃபிட்ஸ்ராய் ஆற்றைத் தாண்டும் ஊருக்குப் பெயரே ஃபிட்ஸ்ராய் கிராஸிங். மேற்கே கடலோரத்தில் இருக்கும் ப்ரூம் ஊரிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர். வெயில் காலத்தில் அந்தப் பாலத்தில் போனால் கீழே மணல்தான் அதிகம். இதற்கு எதற்கு இவ்வளவு உயரத்தில் பாலம் என்று புதிதாக வருகிறவன் கேட்பான்.

2022 டிசம்பர் கடைசியில் எல்லி என்ற புயல் கரை ஏறியது. காற்று அடங்கி, வெறும் மழையாகி, கிம்பர்லி மேலேயே உட்கார்ந்துகொண்டது. 2023 ஜனவரி 4 அன்று ஃபிட்ஸ்ராய் கிராஸிங்கில் ஆறு 15.81 மீட்டருக்கு ஏறியது. அதற்கு முந்தைய உச்சம் 2002-ல் 13.95 மீட்டர். ஆறு என்ற கணக்கே போய்விட்டது, கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர்.

அப்போது நான் ப்ரூமுக்கு வெளியே ஒரு ரோட்ஹவுஸில், அதாவது டீசலும் சாப்பாடும் கிடைக்கிற நெடுஞ்சாலைக் கடையில், நின்றுகொண்டிருந்தேன். வண்டியில் ரீஃபர் லோடு, குளிர்பதன ட்ரெய்லரில் போகிற சரக்கு. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஹால்ஸ் கிரீக்கில் பாதி, குனனாராவில் மீதி இறக்க வேண்டும். பாலத்துக்குப் பக்கத்தில்கூடப் போக முடியாது, ஏனென்றால் அதே ஆறு அதற்கு முன்னாலேயே வில்லாரே என்ற இடத்தில் ரோட்டை அறுத்துவிட்டது. எங்களுக்கு முன்னால் நின்றவர்களும் எங்களைப் போலத்தான், என்ஜினை அணைத்துவிட்டு, கூலிங் மோட்டாரை மட்டும் ஓட விட்டு, சேரைப் போட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ராத்திரி எழுந்து பார்ப்பது இரண்டு விஷயம்: ட்ரெய்லருக்குள் டிகிரி எவ்வளவு, கூலிங்குக்கு டீசல் எவ்வளவு. வாக்கி டாக்கியில் 40-ஆம் சேனலில் எந்நேரமும் பேச்சு ஓடும். ரோடு எப்போது திறக்கும் என்று ஆளாளுக்கு ஒரு ஜோசியம்.

அங்கே வைத்துத்தான் பாலத்தின் படம் போனில் வந்தது. தளம் ஒரு பக்கம் உள்வாங்கி, கைப்பிடிக் கம்பி நெளிந்து, தூணில் மரமும் புல்லும் சுற்றிக்கொண்டு கிடந்தது. எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், பெட்ரோல் டேங்கர் ஓட்டுகிறவர், என் போனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "தூணுக்கு அடியில் மண்ணைத் தின்றுவிட்டது" என்றார். அவர் சொன்னது சரிதான். தண்ணீர் பாலத்தை மோதி உடைப்பதைவிட, அடியில் மண்ணை அரித்துத் தூணை உட்கார வைப்பதுதான் அதிகம். இல்லாவிட்டால் பாலம் முழுசாக நிற்கும், அதற்கு ஏறுகிற இரண்டு பக்க மண்மேடும் காணாமல் போயிருக்கும். பொறியாளர்கள் யாராவது திருத்தினால் ஏற்றுக்கொள்கிறேன், நான் டிரைவர்.

அன்றைக்குப் பெரியவரை நிறுத்த முடியவில்லை. 1974-ல் அந்தப் பாலம் வருவதற்கு முன்னால் அங்கே தாழ்வான ஒரு கான்கிரீட் தளம்தான். தண்ணீர் அதன் மேல் ஏறினால் இறங்கும்வரை இந்தப் பக்கம் குடித்தனம்தான். பாலம் வந்த பிறகும் ஹால்ஸ் கிரீக் பக்கம் மண் ரோடு. அந்தத் துண்டுக்கு 1986-ல்தான் தார் விழுந்தது. நாட்டையே சுற்றி வருகிற ஒன்றாம் நம்பர் ஹைவேயில் கடைசியாகத் தார் கண்ட இடம் அதுதான். குயின்ஸ்லாந்துக்காரர் ஒருவர் விடவில்லை. எங்கள் பர்டெகின் பாலத்தைப் பார், 1957-ல் திறந்தது, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், பாறையே கிடைக்காமல் மணலுக்குள் கிணறு கிணறாக இறக்கிக் கட்டியது, இன்னும் நிற்கிறது என்று ஆரம்பித்தார். யார் ஊர் ஆறு பெரிசு என்ற போட்டி. எனக்கு மேட்டூர் ஞாபகம் வந்தது. அங்கே 120 அடி நிரம்பினால் பூத் தூவி வரவேற்போம். வெள்ளத்தைச் சிரித்து வரவேற்கிற ஊரில் பிறந்தவன் என்று இவர்களிடம் எப்படி விளக்குவது?

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இங்கே பல ஓடைகளுக்குப் பாலமே கிடையாது. ரோடே பள்ளமாக இறங்கி ஏறும், ஓரத்தில் ஆழம் காட்ட வெள்ளைக் கம்பம், அதில் மீட்டர் கணக்கு எழுதியிருக்கும். கம்பம் தண்ணீரின் ஆழத்தைச் சொல்லும், அடியில் ரோடு இருக்கிறதா என்று சொல்லாது. தார் பெயர்ந்து ஆளுயரப் பள்ளம் விழுந்திருந்தாலும் மேலே ஒரே பழுப்பு நிறம்தான். வண்டி கனம், இழுத்துப் போகாது என்று நினைப்பது இன்னொரு கூத்து. 53.5 மீட்டர் நீளத்துக்குப் பக்கவாட்டில் தண்ணீர் தள்ளும். காலி ட்ரெய்லர் என்றால் தக்கை மாதிரி மிதக்கப் பார்க்கும். முன்னால் இழுக்கிற வண்டி கரை ஏறிவிடும், பின்னால் மூன்றாவது ட்ரெய்லர் ரோட்டை விட்டு இறங்கியிருக்கும். இது எல்லா டிரைவருக்கும் தெரியும். தண்ணீர் வடிந்த பிறகும் உடனே விட மாட்டார்கள். அடிமண் ஊறியிருக்கும், எங்கள் எடை ஏறினால் ரோடு குழைந்துவிடும். மூடிய மண் ரோட்டில் போனால் சக்கரத்துக்கு இவ்வளவு என்று அபராதம் போடுகிற இடமும் உண்டு. எங்களுக்கு எத்தனை சக்கரம் என்று எண்ணிப் பாருங்கள்.

என் லோடை ப்ரூமிலேயே இறக்கச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பக்கத்து ஊர்களுக்கு விமானத்தில் சாமான் போனது. அப்புறம் சுற்றுவழி. பெர்த்திலிருந்து கிழக்கே நார்ஸ்மன், நல்லார்பர் சமவெளி, போர்ட் அகஸ்டா, அங்கே வடக்கே திரும்பி நடுப் பாலைவனம் வழியாக கேத்தரின், மறுபடி மேற்கே குனனாரா. வழக்கமாக 3,200 கிலோமீட்டர் வருகிற ஊருக்கு 5,000-க்கு மேல். நாட்டைப் பாதிக்கு மேல் சுற்றிக்கொண்டு அரிசியும் பாலும் கொண்டுபோனோம், இரண்டு டிரைவர் மாறி மாறி. நல்லார்பர் ரோட்டில் 146 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாத நேர்க்கோடு உண்டு. பக்கத்தில் தூங்குகிறவர் மேல் பொறாமை வருகிற இடம் அது.

ஆற்றங்கரையில் உடைந்த பாலத்துக்குப் பக்கத்திலேயே கல்லைக் கொட்டித் தாழ்வாக ஒரு தற்காலிக வழி போட்டார்கள். பெரியவர் சொன்ன பழைய கான்கிரீட் தளத்தின் காலத்துக்கே திரும்பிவிட்டோம். ஊர்ந்துதான் போக வேண்டும். கையில் ஸ்டாப் போர்டு பிடித்திருந்த பெண் ஒவ்வொரு வண்டிக்கும் தலையாட்டி அனுப்புவார். ஜன்னலை இறக்கினால் காய்ந்த சேற்று நாற்றம். 270 மீட்டரில் இரண்டு வழிப் புதுப் பாலத்தை 2023 டிசம்பரிலேயே திறந்துவிட்டார்கள், சொன்ன தேதிக்கு முன்னாலேயே. இந்த நாட்டை எதற்கெடுத்தாலும் திட்டுகிற நான் இதில் மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன்.

ஆனால் காத்திருப்புக்கு யார் காசு கொடுப்பது என்று யாரும் கேட்பதில்லை. எங்களில் பலருக்குக் கிலோமீட்டர் கணக்கில்தான் சம்பளம். சக்கரம் ஓடினால் காசு, நின்றால் இல்லை. நான் அப்போது ஓட்டிய இடத்தில் நின்ற நாட்களுக்கு என்னமோ கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள், சாப்பாட்டுச் செலவுக்குச் சரியாகப் போயிற்று. தண்ணீருக்குள் வண்டியை விடுகிறவனின் பொறுமையைப் பற்றிக் கேட்கிறீர்களே, அவனுடைய வீட்டு லோன் தேதியையும் சேர்த்துக் கேளுங்கள். திரும்பவும் சொல்கிறேன், அவன் செய்தது சரி என்று சொல்லவில்லை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். என் சித்தி இன்றுவரை ஊரில் என்னை "லாஜிஸ்டிக்ஸில் இருக்கிறான்" என்றுதான் சொல்கிறார். லாரியில் சம்பாதித்துக் கட்டிய வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார். பெண் பார்த்த காலத்தில் ஒரு தரகர் "டிரைவர் என்று வாயைத் திறக்காதீர்கள் தம்பி" என்று கெஞ்சினார். இன்னொரு பக்கம் யூடியூபில் ஒருவர் "ஆஸ்திரேலியாவில் லாரி ஓட்டினால் மாதம் பத்து லட்சம்" என்று கத்துகிறார். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நாங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

அந்த யூடியூபைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு: எனக்கு எந்த ஏஜென்டும் தெரியாது, விசா பற்றி இன்பாக்ஸில் கேட்காதீர்கள். லைசென்ஸ் படிகள் பற்றிக் கேட்டால் தெரிந்ததைச் சொல்கிறேன், பதில் வர நாளாகும். டவர் கிடைக்கிற ஊரில் வண்டி நின்றால்தான் உண்டு.